தொகுத்தலும் கற்றலும்: மாணவர் கலைக்களஞ்சியம் எழுதிய வரலாறு



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், மாணவர்கள் கூடிக் கலைக்களஞ்சியம் எழுதுவது பற்றியது. இணையத்தில் பலர் சேர்ந்து தொகுக்கும் விக்கிப்பீடியாவை வகுப்பறைப் பயிற்சியாகக் கொள்ளும் முறை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உலகின் பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. இதனைப் பெரும்புதுமை என்று புகழ்வோரும் உளர். பாடநேரத்தை வீணாக்கும் விளையாட்டு என்று ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டிலிருந்தும் நமக்குப் பாடம் உண்டு.

வரலாற்றுக்குள் செல்லுமுன், நான் நேரில் கண்ட ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியர் ஒருவரின் அழைப்பின்பேரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தமிழ் வகுப்பில் அமர்ந்திருந்தேன். நான்கு மாணவர் கொண்ட ஒரு குழு சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களைப் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தது. அவர்களின் முதல் வாக்கியம், தமிழ் முரசே சிங்கப்பூரின் முதல் தமிழ் இதழ் என்றது. ஆசிரியர் அதைத் திருத்தவில்லை. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். "தாத்தா சொன்னாங்க, சார்" என்றாள் ஒரு மாணவி. வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "தாத்தாவுக்கு எப்படித் தெரியும்?" என்று தொடர்ந்தார்.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்புக்குச் சென்றேன். அக்குழுவினர் நூலகத்திற்குச் சென்று திரும்பியிருந்தனர். தமிழ் முரசு 1935 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது என்பதையும், சிங்கை நேசன் என்னும் வார இதழ் 1887 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது என்பதையும், அதற்கும் முன்பாக 1875 இல் சிங்கை வர்த்தமானி என்றோர் இதழ் வெளிவந்ததாக ஆய்வாளர் குறிப்பிடுகின்றனர் என்பதையும் கண்டறிந்திருந்தனர். இப்பொழுது அவர்களுக்குள் ஒரு சிக்கல். வர்த்தமானியைப் பற்றிய குறிப்பு உண்டு. படிக்கப் படி இல்லை. நேசனுக்குப் படிகள் உண்டு. "அப்ப எதை முதல்னு சொல்றது?" என்று அம்மாணவி கேட்டாள்.

மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அவ்வினா ஓர் ஆய்வேட்டின் முதற்பக்கமாகத் தோன்றியது. 'முதல்' என்னும் ஒரு சொல்லை எந்த உரிமையில் பயன்படுத்துவது என்று பதினான்கு வயதில் ஒருத்தி கேட்கிறாள். அக்கேள்வியை அவளிடம் எழுப்பியது எது என்பதே என் உரையின் மையம்.

தனியொருவர் தொகுத்த காலம்

தமிழில் அகரவரிசைப்படி அமைந்த கலைக்களஞ்சிய முயற்சிகளுள் முற்பட்டவற்றைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை தொகுத்த அபிதான கோசம் 1902 இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. முதலியார் சென்னையில் பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். புராணம், இலக்கியம், சமயம், மருத்துவம், சோதிடம் எனப் பரந்த செய்திகளை ஏடுகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் தனியொருவராகத் திரட்டினார். அச்சேற்ற ஆதரவின்றி அவர் அலைந்த காலத்தில் கைகொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934 இல் வந்தபோது முதலியார் உயிருடன் இல்லை.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழின் பெருங்களஞ்சியம் ஒன்று ஒரு பள்ளியாசிரியரின் மேசையில் பிறந்தது. ஆனால் அவருடைய மாணவர்க்கு அதில் பங்கு இருந்ததாக நாம் அறியவில்லை. ஆசிரியர் தேடினார், ஐயுற்றார், ஒப்பிட்டார், எழுதினார். மாணவர் முடிந்த நூலைப் படித்தனர். கற்றலின் சிறந்த பகுதி தொகுத்தவரிடமே தங்கிவிட்டது.

பலர் கூடித் தொகுத்த காலம்

ஒருவர் வாழ்நாளுக்குள் அடங்காத பணியைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் வழக்கம் அகராதியியலில் முன்னரே தோன்றிவிட்டது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, 1879 இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைச் சிறு சீட்டில் எழுதி, நூற்பெயரும் ஆண்டும் குறித்து அனுப்புங்கள் என்பதே அது. அப்போது அவர் மில் ஹில் பள்ளியில் ஆசிரியர். வந்து குவிந்த சீட்டுகளை அகரவரிசைப்படுத்த அவருடைய பிள்ளைகளும் உதவினர். அதற்குக் கைச்செலவுக்குக் காசும் பெற்றனர். சான்று இல்லாத சொல்லுக்கு அகராதியில் இடமில்லை என்பதை அவ்வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுப் பருவத்திலேயே அறிந்திருப்பர்.

தமிழில் அத்தகைய கூட்டுப்பணி விடுதலைக் காலத்தில் அரும்பியது. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியாலும், ம. ப. பெரியசாமித் தூரனின் பதிப்பாசிரியப் பொறுப்பிலும், 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பல்துறை அறிஞர்கள் எழுதினர். அறிவியலைத் தமிழில் எழுத இயலுமா என்ற ஐயத்திற்கு அத்தொகுதிகளே விடையாக நின்றன. அதனைத் தொடர்ந்து குழந்தைகளுக்கெனத் தனிக் களஞ்சியமும் எழுந்தது. குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் எழுதினர். குழந்தைகளே எழுதலாம் என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே பிறக்கவில்லை.

சிற்றூர்ப் பள்ளியின் அச்சுப்பொறி

அவ்வெண்ணம் பிரான்சின் தென்பகுதியில் ஒரு மலைச்சிற்றூரில் ஏற்கெனவே பிறந்திருந்தது. செலஸ்தேன் ஃபிரெனே என்பவர் முதல் உலகப்போரில் நுரையீரலில் காயமுற்றுத் திரும்பியவர். நெடுநேரம் பேசி வகுப்பு நடத்த அவரால் இயலவில்லை. 1920 இல் பார்-சூர்-லூ என்னும் ஊரில் ஆசிரியராக அமர்ந்த அவர், சில ஆண்டுகளில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். மாணவர் தாம் கண்டதை எழுதினர், கூடித் திருத்தினர், எழுத்துக் கோத்து அச்சிட்டனர், தொலைவிலுள்ள மற்றொரு பள்ளிக்கு அனுப்பினர். அப்பள்ளி மாணவரும் தம் ஊரைப் பற்றி எழுதி அனுப்பினர். 1930களில் இவ்வியக்கம், வகுப்பறைத் தேடலிலிருந்து எழுந்த சிறுநூல் வரிசை ஒன்றையும் தொடங்கியது.

ஃபிரெனே கண்ட உண்மை எளியது. ஆசிரியர் ஒருவரே படிக்கப்போகும் கட்டுரையில், மாணவர் பிழையை அஞ்சுவர். அறியாத ஒருவர் படிக்கப்போகும் கட்டுரையில், அவருக்கு விளங்குமா என்று கவலைப்படுவர். முன்னது மதிப்பெண்ணைப் பற்றிய அச்சம். பின்னது படிப்பவரைப் பற்றிய பொறுப்பு. விக்கிப்பீடியாவை வகுப்பறைக்குக் கொண்டுவந்தோர் பலர் ஃபிரெனேயின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர்களுக்கு மூத்தவர் அவரே.

இணையத்தில் எழுந்த களஞ்சியம்

1995 இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற கணினி அறிஞர், படிப்பவர் எவரும் அப்போதைக்கப்போதே திருத்தக்கூடிய இணையப்பக்கத்தை உருவாக்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரில் கேட்ட அச்சொல்லையே அவர் தம் படைப்புக்கு இட்டார். 2000 இல் அறிஞர்களை மட்டும் கொண்டு நூப்பீடியா என்னும் இணையக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. பல படிகளைக் கடந்தே ஒரு கட்டுரை வெளிவர முடியும் என்பதால் அது மெல்ல நகர்ந்தது. அதற்குத் துணையாக 2001 சனவரியில் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியா, சில ஆண்டுகளில் மூலமுயற்சியை மறக்கச் செய்துவிட்டது.

ஆசிரியர்கள் முதலில் இதனைக் கண்டு மாணவரைத் தடுத்தனர். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் எதை நம்புவது என்ற அவர்களின் வினா நியாயமானதே. சிலர் மட்டும் அவ்வினாவைத் திருப்பிப் போட்டனர். நம்பத்தக்கது எது என்று மாணவர் அறியவேண்டுமானால், அவர்களே ஒரு கட்டுரையை நம்பத்தக்கதாக ஆக்கிப் பார்க்கட்டுமே என்றனர்.

வான்கூவரும் புனேயும்

அவ்வாறு எண்ணியோருள் ஒருவர் கனடாவின் வான்கூவர் நகரில், பிரித்தானியக் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் அமெரிக்க இலக்கியம் கற்பித்த ஜான் பீஸ்லி-மர்ரே. 2008 ஆம் ஆண்டின் முற்பகுதியில் தம் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பாடத்திலுள்ள எழுத்தாளர், புதினங்கள் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளை எழுதப் பணித்தார். மதிப்பெண்ணைத் தாம் மட்டும் தீர்மானிக்கவில்லை. விக்கிப்பீடியாவின் பிற தொகுப்பாளர்கள் 'நல்ல கட்டுரை' என ஏற்றால் உயர்தரம். 'சிறப்புக் கட்டுரை' என ஏற்றால் மிக உயர்தரம். பருவம் முடிந்தபோது மூன்று கட்டுரைகள் சிறப்புத் தகுதி பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்று குவாத்தமாலா எழுத்தாளர் மிகேல் ஆங்கேல் அஸ்தூரியாசின் புதினத்தைப் பற்றியது.

இவ்வெற்றிக்கு இரண்டு காரணங்களை நான் காண்கிறேன். ஒன்று, அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் சிலர் தாமாக முன்வந்து மாணவர்க்கு வழிகாட்டினர். மற்றொன்று, அங்கு முதல் வரைவு எவருக்கும் போதவில்லை. சான்று எங்கே, இவ்வாக்கியம் யாருடைய கருத்து என்று முன்பின் அறியாதோர் கேட்டுக்கொண்டே இருந்தனர். மாணவர் மீண்டும் நூலகம் சென்றனர். வகுப்பறைக் கட்டுரையை ஒருமுறை எழுதி ஒப்படைத்துவிட்டு மறப்பதே வழக்கம். இங்கோ அதே பத்தியைப் பலமுறை எழுதவேண்டியிருந்தது.

2010 இல் விக்கிமீடியா நிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இம்முறையைத் திட்டமாகவே தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே வகையில் இந்தியாவின் புனே நகரக் கல்லூரிகளில் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஒரு முன்னோட்டம் நிகழ்ந்தது. மாணவர் பெருந்தொகையினர் சேர்ந்தனர். வழிகாட்டும் அனுபவமுடையோர் சிலரே. மாணவர் பலர் பாடநூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து அப்படியே பதிந்தனர். பதிப்புரிமை மீறல்களைக் கண்டறிந்து நீக்குவதில் தன்னார்வலர்கள் களைத்துப் போயினர். 2011 நவம்பரில் அம்முன்னோட்டம் நிறுத்தப்பட்டது.

புனே மாணவர் நேர்மையற்றவர் என்று முடிவுகட்டுவது எளிது, அது தவறு. நூலிலுள்ளதை நூலின் சொற்களிலேயே திருப்பித் தருவதே நல்ல விடை என்று பள்ளிப் பருவம் முழுவதும் அவர்கள் கற்பிக்கப்பட்டிருந்தனர். தேர்வில் மதிப்பெண் பெற்றுத்தந்த அதே திறன், விக்கிப்பீடியாவில் குற்றமாக மாறியது. இங்கு என்னையும் நான் விலக்கிக்கொள்ள இயலாது. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எழுதிய விடைத்தாள்களுக்கு நானும் பல்லாண்டு தாராளமாக மதிப்பெண் வழங்கியிருக்கிறேன். அழகிய தொடர்களைக் கண்டு மகிழ்ந்தேன். அவை யாருடையவை என்று கேட்கவில்லை. புனேயில் நேர்ந்தது நம் வகுப்பறைகளிலும் நேரக்கூடும்.

தமிழ் விக்கிப்பீடியாவும் கல்வியும்

தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டில் வடிவம் கொள்ளத் தொடங்கியது. அதற்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். தமிழகம், இலங்கை, புலம்பெயர் நாடுகள் ஆகியவற்றிலிருந்து பலர் சேர்ந்து அதனை வளர்த்தனர். 2010 இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழகக் கல்லூரி மாணவர்க்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017 இல் தமிழகப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் நடந்தன. அவ்வாண்டிலேயே தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது.

எண்ணிக்கை மகிழ்ச்சி தருவதே. ஆனால் கல்வியை எண்ணிக்கையால் அளக்கும்போது, குறுங்கட்டுரைகளும் பொறிவழி மொழிபெயர்ப்புகளும் பெருகும் இடர் எப்போதும் உண்டு. ஒரு மாணவர் பத்துக் கட்டுரைகளைத் தொடங்குவதைக் காட்டிலும், இருக்கும் ஒரு கட்டுரையில் 'சான்று தேவை' என்று குறிக்கப்பட்ட ஒரு வாக்கியத்துக்குச் சான்று தேடுவது சிறந்த பயிற்சி என்பது என் துணிபு.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'தொகு' என்னும் சொல் உள்ளது. தொல்காப்பிய மரபியல், வழிநூலின் நால்வகையுள் தொகுத்தலை ஒன்றாகவும் மொழிபெயர்ப்பை மற்றொன்றாகவும் வைத்து எண்ணுகிறது. தொகுப்பவர் முதல்நூலுக்குக் கடமைப்பட்டவர் என்பது நம் மரபின் தெளிவு. 'சான்று எங்கே' என்று இன்றைய தொகுப்பாளர் கேட்பதும் அதே கடமையைத்தான்.

நம் வகுப்பறைக்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இப்பயிற்சிக்குத் தனிச்சிறப்பு உண்டு. முதலாவது சொல்லாட்சி. நம் மாணவர் அன்றாடம் மின்தூக்கியில் ஏறி, வீவக வீட்டிலிருந்து இறங்கி, பெருவிரைவு ரயிலில் பள்ளி செல்கின்றனர். இச்சொற்கள் நம் செய்தித்தாளிலும் வானொலியிலும் வேரூன்றியவை. சென்னை வாசகருக்கு 'வீவக' விளங்காது. யாழ்ப்பாணத்தார் டொராண்டோவை 'ரொறன்ரோ' என எழுதுவது நம் மாணவர்க்கு வியப்பளிக்கும். ஒரே கட்டுரையை மூன்று நாட்டார் தொகுக்கும்போது, உரையாடல் பக்கத்தில் இச்சொற்களைப் பற்றி விளக்கம் தரவேண்டி வரும். தன் ஊர்ச்சொல்லுக்காகக் காரணம் காட்டி, பணிவுடன், எழுத்துத்தமிழில் வாதிடும் மாணவருக்கு வட்டாரவழக்கு பற்றிய பாடத்தை வேறாக நடத்தவேண்டியதில்லை.

இரண்டாவது, நம் வரலாற்றின் நிலை. சிங்கப்பூர்த் தமிழரின் வரலாறு பெரும்பகுதி பெரியோரின் நினைவில் உள்ளது. கடையநல்லூர் முஸ்லிம்கள் தஞ்சோங் பகாரில் 1946 இல் தொடங்கிய உமறுப்புலவர் பள்ளியில் படித்தவர்கள் இன்று முதியோர். தாத்தா சொன்னதைக் களஞ்சியம் அப்படியே ஏற்காது. வெளியான சான்றைக் கேட்கும். இவ்விதி தாத்தாக்களுக்கு இழைக்கும் அநீதி என்று சிலர் வருந்துவர். எனக்கு அது ஒரு தூண்டுகோலாகவே தோன்றுகிறது. 1979 இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம் தேசிய ஆவணக் காப்பகத்தில் பல நேர்காணல்களைப் பாதுகாத்து வருகிறது. மாணவர் முதலில் தாத்தாவைக் கேட்கட்டும். பின் ஆவணக் காப்பகத்தைக் கேட்கட்டும். பழைய இதழ்களைப் புரட்டட்டும். மூன்றும் ஒத்துப்போகுமிடத்தில் எழுதட்டும். ஒத்துப்போகாத இடத்தில், ஒத்துப்போகவில்லை என்று எழுதட்டும்.

நடைமுறையில் ஆசிரியர்க்குச் சில வரையறைகள் தேவை. வகுப்பு முழுவதற்கும் ஒரு பருவத்தில் ஐந்தாறு கட்டுரைகள் போதும். முதல் இரு வாரம் எழுத்தே வேண்டாம். தேடலும் குறிப்பெடுத்தலும் மட்டும். நூலை மூடிவைத்துத் தம் சொற்களில் எழுதப் பழக்கவேண்டும். வரைவுகள் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்திலேயே இருக்கட்டும். தகுதி பெற்றபின் வெளியேறட்டும். மாணவரின் உண்மைப் பெயரும் பள்ளியும் வெளித்தெரியாமல் புனைபெயர் கொள்வது நலம். யாவற்றுக்கும் முன்பாக, ஆசிரியர் தாமே ஒரு கட்டுரையை எழுதி, அதைப் பிறர் திருத்தக் கண்டிருக்கவேண்டும். தம் வாக்கியம் நீக்கப்பட்ட வலியை அறியாதவர், மாணவரின் வாக்கியம் நீக்கப்படும்போது ஆறுதல் கூற இயலாது.

இன்று பொறியே நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. ஆகவே இப்பயிற்சி இனி எதற்கு என்று கேட்போர் உண்டு. பொறி தரும் வாக்கியத்தையும் "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் உடையவரே நாளை தம்மைக் காத்துக்கொள்வர். அப்பழக்கம் பேச்சால் வருவதில்லை. தானே ஒருமுறை சான்று தேடி அலைந்தால்தான் வரும்.

நான் தொடக்கத்தில் சொன்ன குழு, தன் முதல் வாக்கியத்தை முடிவில் எவ்வாறு அமைத்தது என்பதைக் கூறி நிறைவு செய்கிறேன். சிங்கப்பூரில் வெளிவந்து, இன்று படிகள் கிடைக்கும் தமிழ் இதழ்களுள் மிகப் பழையது சிங்கை நேசன் என்றும், அதற்கு முன்னரும் இதழ்கள் இருந்ததாகக் குறிப்புகள் உள்ளன என்றும் அவர்கள் எழுதினர். பழைய வாக்கியத்தைவிட இது நீளமானது, முழக்கம் குறைந்தது. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அந்நால்வரும் பொறுப்பேற்க ஆயத்தமாக இருந்தனர். அம்மாணவி அப்பக்கத்தை அச்சிட்டு எடுத்துச் சென்றாள். தாத்தாவிடம் காட்டப் போவதாகச் சொன்னாள்.